பூவாயிக்கு எழுதிக் கொடுத்த நாலு வரி

எங்கள் கம்பெனியில் கலைமதியின் முகத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள் உண்டு. அவள் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலையை, உடைத்துப் பருப்பாக்கி மூட்டை போடுகிற கம்பெனி எங்களுடையது. காலை எட்டேகாலுக்கு, மெஷின் ஓடுவதற்கு முன்னால், ஐந்து நிமிடம் அவள் நிகழ்ச்சி போகும். ‘காலைக் குரல்’ என்று பெயர். மேனேஜர் சிவசங்கர் அதைப் பாட்காஸ்ட் என்பார். எங்களுக்கு அது ரேடியோ, அவ்வளவுதான். நான் இளையபெருமாள், அங்கே எலக்ட்ரீஷியன். நாலு கூம்பு ஸ்பீக்கரையும் கட்டியது நான் என்பதால், அந்த ரேடியோவில் பாதி என்னுடையது என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது.

கலைமதி அனந்தபுரத்துப் பெண். அப்பா தையல்காரர். எஃப்.எம்.மில் பேச வேண்டும் என்று சென்னையில் இரண்டு வருஷம் அலைந்தாள். எதுவும் அமையாமல் ஊர் திரும்பி எங்கள் ஆபீஸில் சேர்ந்தாள். லீவு லெட்டரோடும் இ.எஸ்.ஐ. கார்டோடும் மாரடித்துக்கொண்டிருந்தவளுக்கு இந்த நிகழ்ச்சி கிடைத்ததும் சோறு தண்ணி மறந்துபோனது. சனிக்கிழமை உட்கார்ந்து அடுத்த வாரம் முழுவதற்கும் திட்டம் போடுவாள். திங்கள் பஸ் நேரம், செவ்வாய் பாதுகாப்பு, புதன் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எத்தனை நொடி என்று ஓரத்தில் குறித்துவைப்பாள். என்னைக் கேட்டால், இரண்டு வருஷமாக அலைந்து கிடைக்காததையெல்லாம் இந்த ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடப் பார்த்தாள்.

பதிவு செய்வது சாக்கு குடோனில். கூரை வரை காலிச் சாக்குகள் அடுக்கியிருக்கும். அங்கே எதிரொலியே வராது. வாயைத் திறந்து பேசினால் குரல் உதட்டைத் தாண்டியதும் காணாமல் போய்விடும். வயர் இழுக்க இரண்டு முறை உள்ளே போயிருக்கிறேன். என் இருமலே எனக்குக் கேட்காத அந்த இடம் எனக்கு ஆகவில்லை. அவள் மட்டும் மணிக்கணக்கில் உள்ளே இருப்பாள்.

வேலை செய்கிறவர்களே பேசினால்தான் மற்றவர்கள் காது கொடுப்பார்கள் என்பது அவள் கணக்கு. ஆனால் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், மீதிப் பேருக்கு அதுவும் வராது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். அவள் ஒரு வரி சொல்வாள், எதிரில் உட்கார்ந்திருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். பிறகு லேப்டாப்பில் தன் குரலை வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒட்டுவாள். கேட்பவர்களுக்கு அவர்களே சொந்தமாகப் பேசுவதுபோல இருக்கும். இந்த வேலையில் அவளுக்கு ரொம்பப் பெருமை. எனக்குமே ஆச்சரியம்தான்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பூவாயி அப்படித்தான் பேசினாள். சிங்கவரத்துக்காரி. மல்லாட்டையை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் பெல்ட்டில் கொட்டுகிற வேலை. அவளுக்குக் கலைமதி எழுதிக் கொடுத்தது நாலு வரி.

“என் பெயர் பூவாயி. எலிவேட்டரில் வேலை செய்கிறேன். பாதுகாப்புப் பயிற்சி எனக்கு முழுமையாகக் கொடுத்திருக்கிறார்கள். பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அருகில் போவேன்.”

வைகாசியில் ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, பூவாயியின் முந்தானை அந்த பெல்ட்டில் சிக்கியது. நான் ஓடிப்போய் மெயினை அணைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெல்ட்டுக்கு மூடி இல்லை. வெல்டிங் விட்டுப்போனது என்று கழற்றிவைத்து ஆறு மாதமாகியிருந்தது. நானும் தினம் அதைத் தாண்டித்தான் போனேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் மகள் மோனிகா, செஞ்சியில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவள், எட்டாம் நாள் ஆபீஸுக்கு வந்தாள். அழவில்லை.

“எங்கம்மா தப்புன்னு மட்டும் எழுதிடாதீங்க சார். அது அவ்ளோ அஜாக்கிரதையான ஆளு கெடையாது” என்றாள்.

“விசாரணைக்கு ஆபீசர் வர்றாரும்மா. அவர் பாத்துப்பார்” என்று சிவசங்கர் அனுப்பிவைத்தார். அவள் வாசலைத் தாண்டியதும் கலைமதியைக் கூப்பிட்டார். “பூவாயி பேசின பாதுகாப்பு பதிவு இருக்குதுல்ல? நாளையிலேர்ந்து தெனம் போடு. பயிற்சி கொடுத்தாங்கன்னு அந்தம்மா வாயாலேயே சொல்லிக்குது. ஆபீசர் வந்தா அதையே போட்டுக் காட்டலாம்.”

கலைமதி தலையை ஆட்டினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மறுநாள் ஸ்விட்சைப் போட்டது என் கைதான்.

காலை எட்டேகால். நல்ல வெயில். செத்துப்போன பூவாயி நாலு ஸ்பீக்கரிலும் “என் பெயர் பூவாயி” என்றாள். நூற்றிருபது பேரும் அப்படியே நின்றார்கள். ஒருத்தி கையிலிருந்த சோத்து டப்பா கீழே விழுந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. நாலு வரியும் முடிந்து, சங்கு ஊதி, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகும் எலிவேட்டர் பக்கம் ஒருவர்கூடப் போகவில்லை.

நாலாவது நாள் மீனம்பாள் என்னிடம் வந்தாள். பூவாயியோடு பன்னிரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் வந்தவள்.

“அண்ணே, அந்த ரேடியோவுல பூவாயி மட்டும் பேசல. அவ பேசறதுக்கு முன்ன யாரோ கிசுகிசுன்னு சொல்லிக் கொடுக்குது.”

“இன்னாக்கா ஒளர்ற? வயரு இரையறதா இருக்கும்.”

“நாளைக்கு நீயே நின்னு கேளு.”

கேட்டேன். ஸ்பீக்கரின் அடியில் ஏணி போட்டு, காதை ஒட்டவைத்துக் கேட்டேன். இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மெல்லிசாக ஒரு பெண் குரல். வார்த்தை புரியவில்லை. அது அடங்கியதும் பூவாயி பேசினாள். திரும்ப அது கிசுகிசுத்தது. திரும்ப பூவாயி பேசினாள். பதிவு முடியும்வரை ஏணியிலேயே நின்றேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பூவாயிக்கு ‘இருக்குது’ என்றுதான் வரும். ஸ்பீக்கரில் ‘இருக்கிறதா’ என்றாள், ‘கிற’வை அழுத்தி, இழுத்து. மைக்கில் அப்படி இழுத்துப் பேசுகிற ஆள் எங்கள் கம்பெனியில் கலைமதி ஒருத்திதான்.

ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன், வயரை மாற்றினேன். கிசுகிசுப்பு போகவில்லை. அதற்குள் பெண்கள் மத்தியில் கதை கட்டியாகிவிட்டது. முன்னால் செத்துப்போன யாரோ பூவாயியைக் கூப்பிடுகிறார்கள் என்றார்கள், அடுத்து யாரைக் கூப்பிடப்போகிறார்களோ என்றார்கள். பதினோரு பேர் வேலைக்கு வரவில்லை.

கலைமதியைத் தேடிச் சாக்கு குடோனுக்குப் போனேன். அவள் மறுநாள் நிகழ்ச்சிக்குப் பேசிக்கொண்டிருந்தாள். “சனிக்கிழமை சம்பள நாள்” என்றாள். நிறுத்தினாள். எதிரில் இருந்த காலி ஸ்டூலைப் பார்த்தபடி மூச்சு விடாமல் காத்திருந்தாள். பிறகு அடுத்த வரியைச் சொன்னாள். மறுபடியும் ஸ்டூலைப் பார்த்துக் காத்திருந்தாள்.

“எதுக்கும்மா நடுவுல நடுவுல நிறுத்தற?” என்றேன்.

“நான் நிறுத்தலியே அண்ணா” என்றாள்.

பதிவைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் இடைவெளி இருந்தது, ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கிற அளவுக்கு. நான் ஸ்பீக்கரில் கேட்டதைச் சொன்னேன். ஹெட்போனை மாட்டி பூவாயியின் பதிவைக் கேட்டாள், சத்தத்தைக் கூட்டிக் கூட்டி இன்னும் மூன்று முறை கேட்டாள்.

“அது நான்தான்” என்றாள். “நல்லா வெட்டலண்ணா. என் குரலோட வாலு ஒட்டிக்கினு இருக்குது. போன்ல கேட்டா தெரியல. உன் கூம்பு ஸ்பீக்கர் அதைத் தூக்கிக் காட்டுது.”

பேய் இல்லை என்றதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்டாத முழுப் பதிவு லேப்டாப்பில் இருந்தது. அதைத் திறந்து அவள் தனியாகக் கேட்டாள், என்னிடம் ஹெட்போனைத் தரவில்லை. கேட்டு முடித்ததும் மூலையில் போய் வாந்தி எடுத்தாள். அப்புறம் விசாரணை நாள் வரை ‘காலைக் குரல்’ போகவில்லை. சிவசங்கர் கத்தினார். தொண்டை கட்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள்.

விசாரணைக்கு ஆபீசர் பதினொரு மணிக்கு வந்தார். மோனிகா ஒரு பக்கம், சிவசங்கர் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கர் விஷயத்துக்காக நான் கதவோரம் நின்றேன். “அந்தம்மாவே சொன்ன பதிவு சார்” என்று சிவசங்கர் கையைக் காட்டினார். கலைமதி லேப்டாப்பைத் திறந்தாள். அவள் ஓடவிட்டது அந்த நாலு வரி இல்லை.

முதலில் ஸ்டூல் இழுபடுகிற சத்தம். பிறகு பூவாயி, அவளுடைய சொந்தப் பேச்சில்.

“இன்னாம்மா இது? எனுக்கு யாரும் பயிற்சி குடுக்கலியே.”

“அதையெல்லாம் யாரு கேக்கப் போறாங்கக்கா? நான் சொல்றத அப்டியே சொல்லு.”

“மூடியப் பாத்துட்டுப் போவேன்னு எழுதிக்கிறியே, அந்த பெல்ட்டுக்கு மூடியே இல்ல கண்ணு. கயட்டி வச்சிக்கிறாங்க. பயமா இருக்குது. நாங்க சொன்னா எவன் கேக்கறான்? நீ ஆபீஸ்ல கீறவ, சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்.”

“சொல்றேன்க்கா, சொல்றேன். மொதல்ல இத முடிச்சிடலாம். என் பெயர் பூவாயி.”

“என் பெயர் பூவாயி.”

கலைமதி நிறுத்தினாள். சிவசங்கர் எழுந்து என்னவோ சொல்ல வாயெடுத்தார், ஆபீசர் உட்காரச் சொன்னார். மோனிகா அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. அம்மாவின் குரலைக் கேட்டதில் அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. கலைமதியைத்தான் பார்த்தாள்.

“எங்கம்மா உங்கிட்ட சொல்லிச்சே. நீ சார்கிட்ட சொன்னியாக்கா?”

“சொல்லல மோனிகா” என்றாள் கலைமதி. “வெட்டி எடுத்ததோட மறந்துட்டேன்.”