சாம்பலுக்குக் காவல்

உத்திரமேரூர் கடைத்தெருவில் நான் நடத்திவந்த மாவு மில், தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைக் காலையில் மின்கசிவால் எரிந்துபோனது. கணவர் இறந்தபின் எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். வங்கியில் கடன் வாங்கியபோது எடுத்த தீ இன்சூரன்ஸ் ஒன்றே மிச்சம்.

மாமியார் துடைப்பத்தோடு வந்தார். "கரியும் சாம்பலுமா வெச்சிருந்தா குடும்பத்துக்கு ஆவாது. வாரிக் கொட்டிட்டு கழுவி வுடு."

நானும் குடத்தைத் தூக்கிவிட்டேன். எதிரில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய் ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டார். அதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

"இன்னாம்மா பண்ற? இன்சூரன்ஸ்ல இருந்து சர்வேயரு வந்து பாக்கற வரைக்கும் எதையும் தொடாத. என் பழைய கடை எரிஞ்சப்ப நான் கழுவி வுட்டுட்டேன். காட்டறதுக்கு ஒண்ணும் இல்லாம என் க்ளெய்மே போச்சு."

குடத்தை இறக்கினேன். "ஆவாட்டி போவுது அத்தே. ஒரு பிடி சாம்பலும் வெளிய போவாது."

வாசலிலேயே உட்கார்ந்தேன். உருகிய மோட்டாரைப் பழைய இரும்புக்காரர் விலைக்குக் கேட்டார், மறுத்தேன். மாமியார் என்னோடு பேசவில்லை. "பாவம், இடிஞ்சிபோயி உக்காந்துக்கினு கீது" என்று போகிறவர்கள் சொன்னார்கள்.

ஒருவழியாக சர்வேயர் வந்தார். மோட்டாரையும் கருகிய மூட்டைகளையும் படமெடுத்தார். "கலைக்காம வெச்சிருக்கீங்க, நல்லது" என்றார்.

கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் புது மோட்டார் ஓடியது. முதல் நாள் கோதுமையோடு வந்து நின்றவர் பாய்தான்.

இடிந்து உட்காருவதும் உறுதியோடு உட்காருவதும் பார்ப்பவர்களுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். உட்கார்ந்திருந்த எனக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது.