நீர்நாயாக ஒரு மதியம்

நீர்நாய்கள் எங்கே திரிகின்றன என்று காட்டும் கழுத்துப்பட்டையைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த நாங்கள் மூவர் செய்துகொண்டிருந்தோம். முதல் சோதனையில் நான்தான் நீர்நாய். பட்டையை மாட்டிக்கொண்டு சிங்கப்பூரின் காலாங் ஆற்றோரம் நடக்க வேண்டும். பசித்ததால் தேக்கா சந்தைக்குப் போய்ப் பிரியாணி வாங்கி உட்கார்ந்தேன்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் என் கழுத்தையே பார்த்தார். “தம்பி, அது என்ன?”

“நீர்நாய்க்குப் போடுறது, அண்ணே.”

“அப்புறம் நீங்க ஏன் போட்டிருக்கீங்க?”

பதில் யோசிப்பதற்குள், ஆய்வகத்தில் என் நடமாட்டத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் குழுத் தோழி போன் செய்தாள். “அரை மணி நேரமா நீ அசையவே இல்ல. பேட்டரி போயிடுச்சா?”

“இல்ல லா, பிரியாணி.”

“கூரைக்கு அடியிலயும் சிக்னல் வருதா? எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிட்டு வா” என்றாள்.

அறிக்கையில், ‘கட்டடத்துக்குள்ளும் நன்றாக இயங்குகிறது’ என்று எழுதினோம்.