கோடை முகாமுக்குப் போன கெட்டிக்காரி

ஐந்தாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடையில், என் மூளையை என்ன செய்வது என்பதுதான் எங்கள் வீட்டின் பெரிய பிரச்சினை. சும்மா விட்டால் துருப்பிடித்துவிடும் என்று கணக்கு டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். லீவில் நல்ல வகுப்பாகப் பார்த்துச் சேர்க்க வேண்டுமாம். அன்றிலிருந்து அப்பா என்னைக் கடைக்குக்கூட அனுப்பவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறியதும் அன்றிலிருந்துதான்.

ஆளுக்கொரு வகுப்பைச் சொன்னார்கள். பெரியம்மா இந்தி என்றாள். சித்தப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரின் நோட்டீஸோடு வந்தார். "இனிமே எல்லாமே கம்ப்யூட்டர்தான்பா. மாடு மேய்க்கக்கூட அதான் வரப்போவுது, பாத்துக்கினே இரு" என்றார். அங்கே ஏசி ரூமாம், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம். செருப்பு விஷயத்தைக் கேட்டதுமே அம்மாவுக்கு அந்த இடத்தின்மீது பக்தி வந்துவிட்டது.

டீச்சர் கொண்டுவந்ததோ வேறு. மெட்ராஸில் ஒரு காலேஜில், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று இருபது நாள் அறிவியல் முகாம். டெலஸ்கோப்பில் நிலாவைக் காட்டுவார்கள் என்று போட்டிருந்தது. எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. ஆனால் பரீட்சை எழுதித் தேறினால்தான் இடம்.

பரீட்சையை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வைத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசிக் கணக்கு வரும்வரை. ஒரு நெசவாளி ஒரு பட்டுச் சேலையைப் பன்னிரண்டு நாளில் நெய்கிறார். இரண்டு நெசவாளிகள் சேர்ந்தால் அதே சேலையை எத்தனை நாளில் நெய்வார்கள்?

எனக்கு வந்ததே கோபம்! எங்கள் வீட்டுத் தறியில் ஓடுவது கோர்வைச் சேலை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். அப்பா உடலுக்கு, ஊடு நூல் சுற்றிய நாடாவை ஓட்டினால், வலது பக்கம் அம்மா உட்கார்ந்து கரைக்கு நாடாவை வாங்கித் திருப்பிப் போட வேண்டும். அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்து போனால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆகவே நான் விடைத்தாளில் எழுதினேன்: 'கோர்வைச் சேலையை ஒரு ஆள் நெய்யவே முடியாது. எப்போதும் இரண்டு பேர்தான். அதனால் பன்னிரண்டு நாள்தான் ஆகும். கணக்குப் போட்டவர் தறியைப் பார்த்ததில்லை.'

வெளியே வந்து பெருமையாகச் சொன்னேன். அம்மா தலையிலடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, எல்லாரும் எழுதற மாதிரி ஆறுன்னு எழுதிட்டு வரக் கூடாது? உன்ன யாரு நாயம் கேக்கச் சொன்னாங்க?" அப்பா மட்டும் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! அந்தக் கடைசி விடைக்காகவே, தாள் திருத்தியவர்களில் ஒருவர் என்னைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று நின்றாராம், டீச்சர் சொன்னார். கடிதத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. விடுதி கிடையாது. சின்னப் பெண்பிள்ளைகளைத் தாயார் தினமும் கூட வந்து விட்டு, அழைத்துப்போக வேண்டும். சைதாப்பேட்டையில் அத்தை வீடு இருந்ததால் தங்குவதற்குக் கவலையில்லை.

அன்றைக்கு அம்மா திடீரென்று கம்ப்யூட்டர் கட்சிக்குப் போய்விட்டாள். சென்டர் பக்கத்திலேயே இருக்கிறது, குழந்தை தானே போய்விட்டு மத்தியானம் வந்துவிடும், மெட்ராஸ் வெயிலை இது தாங்காது என்று அடுக்கிக்கொண்டே போனாள். முகூர்த்த மாதம், தெருவில் எல்லாத் தறியிலும் வேலை, ஒருவரும் சும்மா இல்லை என்றும் சொன்னாள். அதற்கும் என் முகாமுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ எட்டாவதோட நின்னுட்ட இல்ல, அதான் என்னையும் போவ விடமாட்டேங்கற" என்றேன். அந்தப் பேச்சு எந்த வாயில் வந்ததோ, இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

அப்பாதான் முடித்துவைத்தார். "கம்ப்யூட்டரு எங்கியும் ஓடிப்போவாது. நீ கூட்டிக்கினு போ. நான் பாத்துக்கறேன்."

"நீ இன்னாத்தப் பாத்துக்குவ?" என்றாள் அம்மா.

"போய்ட்டு வாங்கன்றன் இல்ல!"

முகாம் சொர்க்கம். முப்பட்டகக் கண்ணாடி வெள்ளை வெளிச்சத்தை ஏழாகப் பிரித்தபோது கைதட்டி அழுதேவிட்டேன். அம்மா தினமும் வாசல் வேப்பமரத்தடியில் பொழுதுக்கும் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் எஸ்டிடி பூத்துக்குப் போய், எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடுவாள். "யாராச்சும் தறிக்கு வந்தாங்களா? ஒரு நாளாச்சும்?" என்று கேட்பாள். பட்டும் ஜரிகையும் கொடுக்கும் முதலாளி என்ன சொன்னார் என்பாள். பிறகு அத்தை வீடு வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். இவ்வளவு பெரிய ஊருக்கு வந்தும் இப்படி உம்மென்றிருக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். சுவருக்கெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கூரை ஓடு மாற்றியிருந்தது. என் புத்தகங்களுக்கென்று அப்பா ஒரு பலகைகூட அடித்துவைத்திருந்தார். தறியில் மட்டும் நாங்கள் போன அன்று சேலையில் பாதி நெய்து நின்ற அதே ஜரிகை மயில், கழுத்தோடு அப்படியே இருந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "இன்னாப்பா, மயிலுக்கு இன்னும் ஒடம்பே வரல! இத்தினி நாளா தூங்கிக்கினே இருந்தியா?"

"ஆமாம்மா. உனக்கு மட்டும்தான் லீவா? எனக்கும் லீவு" என்றார் அப்பா. அவரும் சிரித்தார். நான் நம்பினேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் 'நான் கழித்த கோடை விடுமுறை' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நிலாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். கடைசியில், 'என்னால் என் அப்பாவுக்கும் இந்த ஆண்டு இருபது நாள் நல்ல ஓய்வு கிடைத்தது' என்று முடித்து, வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்பா இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்கிற கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.