முந்திரிப் பொட்டலமும் ஒரே இடத்து ஊசியும்

என் மனைவியின் இடது கையைக் கெடுத்தவர்கள் இருவர். ஒருவன் பெரம்பலூரில் அவளுக்கு டயாலிசிஸ் ஊசி குத்திய டெக்னீசியன். இன்னொருவன் நான். அவனை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். என்னை என்ன செய்வது?

அரியலூரை மறுபடி பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்த்திருந்த காலம். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிருந்தன. திருச்சியில், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது மணிக்கட்டுக்கு மேலே தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்தார்கள். அங்கே காதை வைத்தால் டிரான்ஸ்பார்மர் போல இரையும். "இந்தச் சத்தம் இருக்கறவரைக்கும்தாங்க நான்" என்பாள். செந்துறையிலிருந்து வாரம் இரண்டு முறை பஸ்ஸில் பெரம்பலூர் போவோம்.

நான் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆளைக் கவனித்தால் காரியம் நடக்கும் என்பதுதான் அங்கே நான் கற்ற ஒரே வித்தை. எங்கள் கொல்லையில் விளைந்த முந்திரிப் பருப்பைப் பொட்டலம் கட்டி அந்த டெக்னீசியனிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து முதல் படுக்கை அவளுக்குத்தான். ஊசியும் ஒரே மூச்சில் இறங்கும். ஏனென்றால் ஒரு விரல் அகலத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பக் குத்தினான். அங்கே தோல் மரத்துப்போயிருந்தது.

ஊசி குத்தும் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டும் என்று திருச்சி டாக்டர் எங்கள் இருவரிடமும்தான் சொல்லியிருந்தார். அவள் மறக்கவில்லை.

"தம்பி, கொஞ்சம் மேல தள்ளிக் குத்துப்பா."

"அங்க குத்துனா உசுரு போவும்மா. அப்புறம் அழுவக் கூடாது."

"அழுதா நாந்தானே அழுவப்போறேன்? நீ குத்து."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். "அவருக்குத் தெரியாததா? பேசாம படு. லேட்டானா பஸ்ஸு போயிடும்" என்றேன். கை அவளுடையது, வாய் மட்டும் எங்களுடையது!

அந்த இடம் நாவல்பழம் போல வீங்கி, பிறகு முந்திரிப்பழம் அளவுக்குப் புடைத்துத் தோல் பளபளத்தது. கேட்டதற்கு, "நரம்பு நல்லா வளந்திருக்கு சார்" என்றான். வளர்ச்சியாம்! அதற்கும் ஒரு பொட்டலம் கொடுத்தேன். அந்த ஆஸ்பத்திரி டாக்டரோ வாசலில் நின்று தலையாட்டிவிட்டுப் போவார். ஒருநாளாவது அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாரா?

ஒரு காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். புடைப்பின் மேலிருந்த பொருக்கு உரிந்து ரத்தம் சுவர்வரை பீய்ச்சியது. துண்டால் இறுக்கிக் கட்டித் திருச்சிக்குக் காரில் கொண்டுபோனேன். உயிரைக் காப்பாற்ற அந்த இணைப்பையே கட்டி மூடிவிட்டார்கள். கையில் இரைச்சல் நின்றது.

வலது கையில் புதிதாக இணைத்தார்கள். அது தேறும்வரை கழுத்தில் டயாலிசிஸ் குழாயோடு கிடந்தாள். மறுபடி அதே பெரம்பலூர், அதே ஆள், என் கையில் அதே பொட்டலம். எங்கள் பக்கம் வேறு இடமில்லை. புதுக் கையில் நான்காம் முறை குத்தும்போது அவன் விரல் முந்தைய துளையையே தேடியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, அந்தப் பொட்டலத்த எடுத்துக்கிட்டு வெளிய போங்க. எங்க குத்தணும்னு நான் சொல்லிக்கறேன்."

போனேன். உள்ளே அவள் வலியில் கத்துவது கேட்டது. அன்றுதான் இடம் மாற்றிக் குத்தியிருக்கிறான்.