வால்வில் மாட்டிய பம்பு

அவர் பெயரை நான் கேட்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரத்துக்கு வாடகைக் கார் ஓட்டியவர். குட்டையான, கெட்டியான உடம்பு. காதில் எப்போதும் ஒரு பீடி. பற்ற வைத்து நான் பார்க்கவில்லை. காரின் பின் ஸ்பிரிங்குகளுக்குள் ரப்பர் பைகளைச் செருகிக் காற்றடித்து வைத்திருந்தார். ஏழு பேர் ஏறினாலும் பின்பக்கம் தொங்காது.

கடலை நெருங்கும்போது பை எங்கோ உரசும் சத்தம் கேட்டது. மணலோரம் நிறுத்தினார். மற்றவர்கள் நடந்தே போய்விட்டார்கள். டிரங்குப் பெட்டியோடு நான் மாட்டிக்கொண்டேன். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கியவர், காற்றுப் பம்பைப் பையின் வால்வில் மாட்டி என்னிடம் கொடுத்தார்.

"நான் வெளிய வர்ற வரிக்கும் இத்த வுட்றாத சார்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

என்னைக் கூலியாள் என்று நினைத்துவிட்டாரா? எரிச்சலோடு அதைக் கீழே வைத்துவிட்டு நிழலுக்கு நடந்தேன். பின்னால் பொத்தென்று சத்தம். ஜாக்கி மணலில் சாய்ந்து கிடந்தது. வண்டிக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"நெஞ்சு மேல ஒக்காந்துகீது சார். இன்னா பாக்குற, காத்தடி!"

ஓடிவந்து அடித்தேன். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. பை உப்ப உப்ப, வண்டி விரற்கடை அளவு எழும்பியது. சட்டை கிழிய வெளியே ஊர்ந்து வந்தார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் ஜாக்கிக்கு அடியில் பலகை ஒன்றைக் கொடுத்து மறுபடி தூக்கினார். விழுந்த பீடியைத் தேடிக் காதில் செருகினார். பம்பை என்னிடமே நீட்டினார்.

"வேல இன்னும் முடியல சார்."

மறுபடி அடியில் நுழைந்தார். வேறு ஆள் இல்லாததாலா, என்னை நம்பியதாலா, இன்றுவரை புரியவில்லை. மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.