மஹ்மூத் நானாவின் நனையாத கார்

1933ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், கண்டி வாவியை அப்படியே தூக்கி மஹ்மூத் நானாவின் காருக்கு அடியில் ஊற்றியிருந்தாலும், உள்ளே இருந்தவரின் சுண்டுவிரல் நகம்கூட நனைந்திராது. அந்தக் காரின் கால் விரிப்பைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டிருந்தால், லண்டனில் மழைக்குப் பயந்து மாளிகைக்குள் கிடக்கும் பிரபுக்கள் எல்லாம் கப்பலேறி வந்து மார்க்கெட் முனையில் வரிசையாக நின்றிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் பக்கத்து மஹய்யாவைக்காரர் ஒருவருக்கு அந்தக் காரில் இடம் கிடைத்தது.

ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் மஹ்மூத் பிறந்தது கம்பளையில். இருபது வயதுவரை அங்கே ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி தூக்கினார். ஒருநாள் லொறிக்காரருக்குக் காய்ச்சல் என்று அந்த லொறியை எடுத்துக்கொண்டு தோட்டம்வரை போய்விட்டார். போகும்போது அவருக்கு லொறி ஓட்டத் தெரியாது. திரும்பி வரும்போது தெரிந்திருந்தது. பிறகு கண்டியில் சட்டை தைக்கும் கைரியாவைக் கலியாணம் செய்து, சீலைக்கூரை போட்ட பழைய கார் ஒன்றை வாங்கி, மார்க்கெட் முனையில் வாடகை ஹயருக்கு நிறுத்தினார். பிள்ளை இல்லாத வீடு. காரை நிழலில் விட்டுவிட்டுத் தான் வெயிலில் நிற்பார்.

காரிலிருந்த ஒரே குறை, அதன் அடித்தளம் பலகை. பலகைக்குப் பலகை இடைவெளி. மழை பெய்தால் முன்சக்கரம் வாரி அடிக்கும் செந்நிறச் சேற்றுத் தண்ணீர், அந்த இடைவெளியால் ஏறி உள்ளே இருப்பவர்களின் முழங்கால்வரை விசாரிக்கும். முந்திய வருஷம் ஒரு கலியாணப் பொண்ணு வெள்ளைப் பட்டோடு ஏறி, சிவப்புப் பட்டோடு இறங்கினாள். அடுத்த நாளே காரின் பின்பக்கத்தில் யாரோ சோக்குக்கட்டியால் ஓர் ஓடம் கீறியிருந்தார்கள். ஓடத்தில் ஒரு மணப்பெண், அவள் கையில் துடுப்பு. துடுப்பின் நுனி ஆட்டுக்குட்டி வால் மாதிரிச் சுருண்டிருந்தது. ஊர் சிரித்தது. மஹ்மூத் நானாவும் சிரித்துக்கொண்டே அழித்தார். ஆனால் அதற்குப் பிறகு பதினொரு மாதம் ஒரு கலியாண ஹயரும் வரவில்லை. யார் கீறியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உலகத்தில் கெட்ட பயல்கள் ஏராளம்.

அப்படியிருக்க, முனிசிபல் வேலை செய்யும் கறுப்பையா மஹய்யாவையிலிருந்து வந்து நின்றார். மகள் நல்லம்மாவுக்கு வியாழக்கிழமை புசல்லாவையில் கலியாணம். முகூர்த்த நாள் என்பதால் வேறு கார் அகப்படவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

"நானா, புள்ளைக்கு இருக்கிறது ஒரே ஒரு பட்டுச் சேலைதான். அதுல பொட்டுச் சேறு பட்டாலும், இனி எங்க லயத்து வீடுங்க பக்கம் ஒங்க கார் வரத் தேவையில்ல. நான் சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

மூன்று நாள் இருந்தது. மஹ்மூத் நானாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பயத்தால் அல்ல, ஆவேசத்தால்.

முதலில் புற்பாய் விரித்துப் பார்த்தார். தண்ணீர் அதைத் தோணியாக்கி மிதக்கவிட்டது. தென்னந்தும்புப் பாய் போட்டார். அது தண்ணீரைக் குடித்துவிட்டு நனைந்த நாய்போல நாறியது. அப்போதுதான் ரப்பர் கடை வாசலில் புகையிட்ட ரப்பர் சீட்டுகள் துணி காய்வதுபோல் தொங்குவதைக் கண்டார். விலை விழுந்துகிடந்த அந்த வருஷம் ரப்பரை ஏனென்று கேட்க ஆளில்லை. கடைக்காரர் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார்.

கைரியா பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி, சட்டைக்கு அளவெடுப்பதுபோலக் காருக்கு அளவெடுத்தாள். பெடலுக்கு மூன்று ஓட்டை, கியர்த் தண்டுக்கு ஒன்று. அவளுடைய தம்பி பளீல் (இதை எழுதுகிறவனும் அவனே, வேறு யாரும் முன்வராததால்) அந்தத் தாளை வைத்து ரப்பரில் சோக்கால் கோடு கீறினான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு அவன் சலித்துப்போனவன். வெட்டியது அவன். பிடித்தது அவன். மணப்பெண்ணுக்குப் பதிலாக வெள்ளைச் சாரம் சுற்றிப் பின்சீட்டில் உட்கார்ந்ததும் அவன்தான். மஹ்மூத் நானா வாளி வாளியாகக் காருக்கு அடியில் தண்ணீர் அடித்தார். சாரத்தில் ஒரு துளி இல்லை. நானா முற்றத்தில் இரண்டு சுற்று ஓடினார்.

பிறகு வாவிப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தது. ரப்பரும் கொதித்தது. இறக்கத்தில் பிரேக்குக்காகக் காலைத் தூக்கினார் மஹ்மூத் நானா. கால் வந்தது, செருப்பு வரவில்லை. விரிப்பு அதைப் பலாப்பால் மாதிரி பிடித்துக்கொண்டது. வெறுங்காலால் பிரேக்கை உதைத்து, வாவிச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினார். எங்கிருந்தோ ஒரு வாத்து சத்தம் போட்டது.

வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவரைக் கைரியா ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ரப்பர் அடியில கெடக்கட்டும். தும்பு மேல கெடக்கட்டும். சட்டைக்கு உள்சீலை வெக்கிறல்லயா நாங்க? ஒட்டுறது நல்லதுதானே. பலகையோட ஒட்டி, அசையாம ஈக்கும்."

மஹ்மூத் நானா எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. தும்புப் பாயை வெயிலில் காயவைத்து, அளவாக வெட்டி, ஓரத்துக்குப் பழைய குடைச்சீலை வைத்துத் தைத்தாள் கைரியா. பாய் எங்கே உட்கார வேண்டும் என்று பளீல் ரப்பரின் மேல் சோக்கால் சுற்றிக் கீறினான். புதன்கிழமை அஸர் தொழுகைக்கு முன் எல்லாம் பொருந்தியது.

வியாழக்கிழமை மழை, வானத்துக்கு யாரோ சொல்லிவைத்ததுபோல் கொட்டியது. குடைக்குக் கீழே நல்லம்மா ஏறினாள், பக்கத்தில் கறுப்பையா. பேராதனையில் தெரு ஆறாக ஓடியது. கம்பளையில் அடியிலிருந்து தண்ணீர் மொத்துகிற சத்தம் மத்தளம்போலக் கேட்டது. கறுப்பையா வழியெல்லாம் குனிந்தபடியே வந்தார். மஹ்மூத் நானாவும் வழியெல்லாம் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி, வாய்க்குள் ஓதிக்கொண்டு ஓட்டினார். புசல்லாவையில் இறங்கியதும் கறுப்பையா மகளின் சேலைக் கரையைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்து தன் கையால் நானாவுக்கு நீட்டினார்.

"அடுத்த மாசம் என் தம்பி மகளுக்கும் இருக்குங்க நானா. நீங்கதான் வரணும்."

அன்று பின்னேரம் வீட்டு வாசலில் காரை நிறுத்திய கையோடு, இறங்கக்கூடப் பொறுக்காமல் திரும்பிப் பின்பக்கத் தும்புப் பாயைத் தூக்கினார் மஹ்மூத் நானா. கைரியாவையும் பளீலையும் கூப்பிட்டுக் காட்டினார். ரப்பரின் மேல் முந்தின நாள் கீறிய சோக்குக் கோடு அழியாமல், கலங்காமல், மாவுபோல உலர்ந்து கிடந்தது. அவ்வளவு மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அவர் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துச் சந்தோஷத்தோடு சுற்றி வந்தார். கோடு முடிகிற இடத்தில் விரல் நின்றது.

அங்கே அது ஆட்டுக்குட்டி வால் மாதிரிச் சுருண்டிருந்தது.

பளீல் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் புறப்பட்டான்.

"நில்லு மச்சான்," என்றார் மஹ்மூத் நானா, திரும்பிப் பார்க்காமலே. "மூணு நாளா நீ வாய் காட்டாம வேல செஞ்சபோதே நெனச்சேன், இவனுக்கு என்னமோ ஈக்கிதுண்டு. அந்த ஓடத்தக் கீறினது நீதானே?"