வெள்ளிக்கிழமை மாலேயிலிருந்து வந்த மெயில்

வெங்காய வாசனை அடிக்கும் சர்வர் ரூமை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் அதற்குள்ளேயே நாலு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் தோணி ஆபீஸ். மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்கு வெங்காயம், காய்கறி, செங்கல் ஏற்றிப்போகும் பெரிய மரத் தோணிகள். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். சரக்கு அறையில் பாதியைத் தடுத்து, ஒரு பழைய ஏசியை மாட்டி, அங்கே சர்வரை வைத்திருந்தார். ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அதன் நெற்றியில் இருக்கும். கணக்கு, பில், மெயில்... மொத்த கம்பெனியும் அந்த ஒரு பெட்டிக்குள்தான்.

விசிட்டிங் கார்டில் நான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மெயில் வழியாக வைரஸ் வந்து ஊரையே ஆட்டிவைத்த நேரம் அது. அடுத்த சந்து ஆபீஸில் யாரோ ஒரு இன்வாய்ஸைத் திறக்க, அத்தனை ஃபைலும் பூட்டிக்கொண்டது. துறைமுகத்தில் சரக்கை வைத்துக்கொண்டு பேப்பர் இல்லாமல் அவர்கள் அலைந்த அலைச்சலைப் பார்த்து அண்ணாச்சி மிரண்டுவிட்டார். அதனால் சந்தேகமான ஃபைலோடு வரும் மெயிலைச் சர்வரே பிடித்துவைக்கும்படி செய்தேன். நான் பார்த்து அனுப்பினால்தான் அது உள்ளே போகும்.

ஆபீஸில் மெயில் பார்ப்பது ஸ்டெல்லா அக்கா. அவளுடைய ஒரே தம்பி ரூபன் எங்கள் தோணியில்தான் வேலை பார்த்தான்.

அந்த ஐப்பசியில், மாலேயிலிருந்து திரும்பிய அவன் தோணி வந்து சேரவில்லை. கடலில் காற்று பேயாக அடித்த வாரம். தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்தப் பக்கம் போன கப்பல் ஏதாவது நம் ஆட்களைத் தூக்கியிருந்தால் மாலேயில் இறக்கிவிட்டிருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அங்கேயுள்ள எங்கள் ஏஜென்டுக்கு, தோணியில் போன ஆறு பேரின் பெயரையும் அக்காவே டைப் அடித்து மெயில் போட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை என் ரூமுக்கு வந்தாள் என்று கணக்கில்லை.

"ஏலே, ஒன் பெட்டிக்குள்ள ஏதும் மாட்டிக் கெடக்கா பாரு."

ஒரு வெள்ளிக்கிழமை மாட்டியது.

அதே ஏஜென்டின் அட்ரஸ். அக்கா போட்ட மெயிலுக்கே பதில். 'க்ரூ லிஸ்ட் (தோணி ஆட்களின் பட்டியல்) இணைத்திருக்கிறோம்' என்று இங்கிலீஷில் ஒரு வரி, அதன் கீழே ஃபைலைத் திறக்க ஒரு பாஸ்வேர்ட்.

வெள்ளிக்கிழமை மாலேயில் ஆபீஸ் கிடையாது. தோணித் தொழிலில் இருக்கிறவர்கள் அன்றைக்கு அங்கே போனே போட மாட்டார்கள். அக்காவுக்கும் அது நன்றாகத் தெரியும்.

"வைரஸ் மாதி இருக்குக்கா. இன்னைக்கு அவங்களுக்கு லீவுல்லா?"

"நம்ம ஆளுவளுக்காவ லீவுன்னும் பாக்காம வந்திருப்பாவ. பூட்டு வேற போட்டு அனுப்பிருக்காவ... ஒண்ணுமில்லாததுக்கு எவனாவது பூட்டுப் போடுவானால?"

ஏஜென்டுக்குப் போன் அடித்தோம். எடுக்க ஆளில்லை. அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

"தொறந்தா நம்ம கணக்கெல்லாம் போயிருமால?"

"போனாலும் போயிரும் அண்ணாச்சி."

"கம்ப்யூட்டரு போனா வேற வாங்கிக்கிடலாம் அண்ணாச்சி..." என்றாள் அக்கா.

அண்ணாச்சி அவள் முகத்தையே பார்த்தார். "தொறந்து பாருல. வாரது வரட்டும்" என்றார். அந்த ஆள்மீது எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் மரியாதை வைத்திருக்கிறேன்.

சர்வரில் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை. மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரை, நெட் வயர் இல்லாமல் ஆன் செய்து, ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோனேன். அது உயிர் பெற்று வர எவ்வளவோ நேரம் எடுத்தது. அதற்குள் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அம்மா... மாலேயில இருந்து லிஸ்ட் வந்திருக்கு. ஜெபமாலைய வுட்டுராத, சொல்லிக்கிட்டே இரு."

நான் பென் டிரைவைச் செருகி, பாஸ்வேர்டை அடித்தேன்.

ஃபைல் திறந்தது. ஒரு வெள்ளைப் பக்கம். முழுதாகப் பார்க்க இதை அழுத்தவும் என்று மேலே ஒரு பட்டை. அழுத்தினேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் உறுமியது... அவ்வளவுதான்.

"லோடு ஆவுதோ?"

"இல்லக்கா. இதுல ஒண்ணுமே இல்ல."

"பேரு வரும்லா. செத்த பொறுல."

பொறுத்தேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாக என் மேஜைக்குப் போய் அந்த மெயிலைக் கீழே இழுத்துப் பார்த்தாள். அங்கே பெயர்கள் இருந்தன. ரூபனும் இருந்தான்.

"இது நான் அடிச்சதுல்லா..."

ஆமாம். வைரஸ் ஏஜென்டின் கம்ப்யூட்டரில் புகுந்து, அங்கே கிடந்த அவள் மெயிலையே எடுத்து, பதில் மாதிரி அவளுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது. லீவு முடிந்து போனை எடுத்த ஏஜென்ட், தங்களிடம் எல்லாமே போய்விட்டது என்று புலம்பினார். ஆட்களைப் பற்றி அவரிடம் ஒரு தகவலும் இல்லை.

எங்கள் சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. தோணி கடைசிவரை கிடைக்கவில்லை. ஆறு பேரில் ஒருவன் உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். வெங்காய வாசனையும் இல்லை, சந்தனமும் இல்லை. சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அந்த மாதிரி மெயில் யார் கண்ணிலும் படாமலே அழிந்துபோகிறது. இதைத்தான் கடை கடையாகப் போய்ப் பெருமையாகச் சொல்லி விற்கிறேன்.

போன மாதம் மார்க்கெட்டில் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்பம் இன்னைக்குன்னா அந்த மெயிலு என் கண்ணுலயே பட்டிருக்காது?"

"படாதுக்கா."

நல்லது என்று சொல்வாள் என நினைத்தேன்.

"அந்தப் பழைய கம்ப்யூட்டரு ஆன் ஆவ நேரமாச்சு பாத்தியா... அம்புட்டு நேரமும் எங்க வீட்டுல அவன் உசுரோட இருந்தாம்ல."

அவள் கையிலிருந்த பையை வாங்கி ஷேர் ஆட்டோவில் வைத்துவிட்டு, அப்படியே நின்றேன்.